கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் உடற்பயிற்சி: எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது

முதல் பிள்ளை வயிற்றில் இருக்கிறது என்று தெரிந்த அன்றே எனக்குக் கிடைத்த அறிவுரை: "இனிமே குனியாதே, படி ஏறாதே, பேசாம படு." சொன்னவர்கள் எல்லோரும் என் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். நானும் பயந்துபோய் அப்படியே இருந்தேன். எட்டாம் மாதம் கட்டிலிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. பிரசவம் முடிந்து பல மாதம் வரை இடுப்பில் பலமே இல்லை. இரண்டாவது முறை டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, பிரசவத்துக்கு முந்தின நாள் வரை நடந்தேன். உடம்பு தேறிய வேகத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

இதுவரை உடற்பயிற்சி என்று எதையும் செய்து பழகாதவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு இப்போது மூன்று மாதமாக இருக்கலாம், ஏழு மாதமாக இருக்கலாம், பத்து நாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் போனைப் பிடித்தபடி படித்துக்கொண்டிருக்கலாம். நான் டாக்டர் இல்லை. படித்தும், கேட்டும், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் பழகியும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எந்தக் கட்டத்தில் இருந்தாலும் உங்களிடம் எப்போதும் இருக்கிற அளவுகோல் ஒன்று உண்டு. அது உங்கள் மூச்சு. கீழே அது திரும்பத் திரும்ப வரும்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது

பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். 1985இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு, கர்ப்பிணியின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டக் கூடாது, கடினமான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரையறுத்தது. 1994இல் அதே அமைப்பு அந்த 140 வரம்பை எடுத்துவிட்டது. ஆனால் எடுத்துவிட்ட சேதி, வரம்பு பரவிய அளவுக்குப் பரவவில்லை.

இன்றைய நிலை இதுதான். சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பிணிகளும், பிரசவமானவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பில் ஈடுபடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கூடவே தசையை வலுவாக்கும் பயிற்சியும், மெதுவாக உடலை நீட்டி மடக்குவதும் இருக்கட்டும் என்கிறது. இப்படி இயங்குகிறவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருவது குறைகிறது, எடை அளவுக்கு மேல் ஏறாமல் இருக்கிறது, மனச்சோர்வும் குறைகிறது. ஆரோக்கியமான கர்ப்பத்தில் மிதமான பயிற்சியால் கரு கலையும், குறைமாதத்தில் பிறக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

150 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி நேரம். அதையும் காலையில் பத்து, மதியம் பத்து, மாலையில் பத்து என்று பிரித்துக்கொண்டால் கணக்கில் குறையாது.

முதல் படி: டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"எக்ஸர்சைஸ் பண்ணலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால், "பண்ணலாம், பார்த்துப் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: நஞ்சுக்கொடி மேலே இருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா? கருப்பை வாயில் பலவீனம் ஏதாவது தெரிகிறதா? என் ஹீமோகுளோபின் எவ்வளவு? பிபி எப்படி இருக்கிறது? தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கலாமா? எவ்வளவு எடை வரை தூக்கலாம்?

சிலர் கண்டிப்பாகப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டியிருக்கும். 26 வாரத்துக்குப் பிறகும் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக்கொண்டிருப்பவர்கள், கருப்பை வாய் பலவீனமாக இருப்பதால் தையல் போடப்பட்டவர்கள், இந்தக் கர்ப்பத்திலேயே குறைமாத வலி கண்டவர்கள், பனிக்குடத்தில் கசிவு உள்ளவர்கள், கர்ப்பத்தால் ரத்த அழுத்தம் கடுமையாக ஏறியவர்கள், ரத்தசோகை மிக அதிகமாக உள்ளவர்கள், சிலவகை இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையின் கர்ப்பகாலப் பகுதியை இப்போதைக்கு விட்டுவிடலாம். இரட்டைப் பிள்ளை என்றால் ஒவ்வொரு செக்கப்பிலும் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டாக்டர் "ரெஸ்ட் எடுங்க" என்று சொன்னால், எந்த அளவுக்கு என்று கேட்டே ஆக வேண்டும். வீட்டுக்குள் நடமாடலாம் என்ற அர்த்தத்தில் அவர் சொல்லியிருப்பார், வீட்டில் அதைப் படுத்த படுக்கை என்று எடுத்துக்கொள்வார்கள். நாள்கணக்கில் படுத்தே இருந்தால் தசை கரையும், காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும்.

இரண்டாவது படி: வாட்சைப் பார்க்காமல் பேசிப் பாருங்கள்

கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் முன்பைவிட வேகமாக அடிக்கிறது. அதனால் கையில் கட்டிய கருவி காட்டும் எண் இப்போது சரியான வழிகாட்டி இல்லை. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. பாட்டே பாட முடிகிறதா? அப்படியானால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா? குறைத்துக்கொள்ளுங்கள். தனியாக நடந்தால் போனில் யாரிடமாவது பேசிக்கொண்டே நடக்கலாம், இல்லாவிட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளையிடம் பேசலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

மூன்றாவது படி: பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்

முதல் மூன்று மாதம் பலருக்கும் மசக்கையிலேயே போய்விடும். வாந்தியும் தலைசுற்றலுமாக இருக்கும்போது யாரும் 150 நிமிடத்தை எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. எந்த நேரத்தில் கொஞ்சம் தெளிவாக இருக்கிறீர்களோ அந்த நேரத்தில் பத்து நிமிடம் நடங்கள், போதும். தண்ணீர் கையோடு இருக்கட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறது என்று பொருள். புழுக்கமான அறையிலும் உச்சி வெயிலிலும் பயிற்சி வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் உடல் அளவுக்கு மீறிச் சூடாவது பிள்ளையின் முதுகுத்தண்டு உருவாகும் கட்டத்துக்கு நல்லதில்லை. வெந்நீர்த் தொட்டி, நீராவிக் குளியல், சூடேற்றிய அறையில் செய்யும் யோகா எல்லாவற்றையும் பிரசவம் வரை தள்ளிப் போடுங்கள்.

பத்து நிமிடம் சுலபமாகிவிட்டால் அடுத்த வாரம் பதினைந்து, அதற்கடுத்த வாரம் இருபது. நடைதான் எல்லாவற்றிலும் எளிது. நீச்சல் தெரிந்தவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது, ஏழெட்டு மாத வயிற்றின் பாரம் தண்ணீரில் இறங்கியதும் காணாமல் போகும். நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளும் சரி. சாலையில் ஓட்டும் சைக்கிள், குதிரைச் சவாரி, பந்து வயிற்றில் படக்கூடிய விளையாட்டு, ஒருவரோடொருவர் மோதும் விளையாட்டு, ஆழ்கடலில் காற்றுருளையோடு மூழ்குவது எல்லாம் வேண்டாம். ஏற்கெனவே ஓடிப் பழகியவர்கள் டாக்டர் சொன்னால் ஓட்டத்தைத் தொடரலாம், புதிதாக ஓட ஆரம்பிக்க இது நேரமில்லை. அமெரிக்க ஓட்டக்காரர் அலிசியா மோன்டானோ 2014இல் 34 வார கர்ப்பத்தோடு 800 மீட்டர் ஓடினார். அது பல ஆண்டுப் பயிற்சி உள்ள உடம்பு. அதைப் பார்த்துவிட்டு நம் பத்து நிமிட நடையைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

நடையோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். இதற்கு ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் போதும். உறுதியான நாற்காலியின் முன்விளிம்பில் உட்காருங்கள். கால்களை இடுப்பகலத்துக்கு வைத்து, பாதம் முழுவதும் தரையில் பதிய, மூச்சை வாய்வழியே மெதுவாக விட்டபடியே எழுந்து நில்லுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே மெல்ல உட்காருங்கள். பொத்தென்று விழக் கூடாது, இறங்குவதில்தான் தொடைக்கு வேலை. பத்து முறை. அப்புறம் சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கிச் சாய்ந்து, மூச்சை விட்டபடி தள்ளி நிமிருங்கள். இதுவும் பத்து முறை. கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு இரண்டையும் இன்னொரு சுற்று செய்யுங்கள்.

எழும்போதும் தள்ளும்போதும் மூச்சை விட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் அந்த அழுத்தம் முழுவதும் வயிற்றின் முன்பக்கத்துக்கும் இடுப்பின் அடித்தளத்துக்கும் போகிறது. இந்தப் பத்து மாதத்தில் அந்த இரண்டு இடமும் ஏற்கெனவே போதுமான சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும், மூத்த பிள்ளையைத் தூக்கும்போதும், மலச்சிக்கலோடு கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும்போதும் இதே விதிதான்.

வயிறு பெரிதாகும்போது மாற்றிக்கொள்ள வேண்டியவை

ஐந்தாம் மாதத்திலிருந்து மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள். கருப்பையின் கனம் முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்துவதால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். அப்படி ஆனால் பயப்படாமல் உடனே ஒருக்களித்துப் படுங்கள், சரியாகிவிடும்.

உடம்பின் எடை முன்பக்கம் நகர்வதால் தடுமாற்றமும் கூடும். மூட்டுகளை இணைக்கும் நார்களும் ஹார்மோன்களால் கொஞ்சம் தளர்ந்திருக்கும். உடலை வளைத்து நீட்டும்போது, முன்பு எட்டாத இடம் இப்போது எட்டுகிறதே என்று சந்தோஷப்பட்டு எல்லைவரை போகாதீர்கள். சிலருக்கு அடிவயிற்று எலும்பிலோ இடுப்பின் பின்பக்கத்திலோ சுருக்கென்று வலிக்கும். படியேறும்போதும், கட்டிலில் புரளும்போதும், ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றும்போதும்தான் அதிகம் தெரியும். இது இடுப்பு வளைய வலி. அதற்காக எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். உட்கார்ந்தபடி உடை மாற்றுங்கள், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு புரளுங்கள், நடையைச் சின்ன எட்டாக வையுங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள், சீக்கிரம் போனால் சீக்கிரம் குறையும்.

படுக்கையிலிருந்து எழும்போது வயிற்றின் நடுவில், மேலிருந்து கீழாக, கூரை முகடுபோல ஒரு மேடு எழும்புகிறதா என்று பாருங்கள். வயிற்றின் இரண்டு பக்கத் தசைகளும் நடுவில் விலகிப் பிள்ளைக்கு இடம் கொடுக்கின்றன, அதன் அடையாளம் அது. கடைசி மாதங்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இந்த விலகல் இருக்கும். மேடு எழும்பும் அசைவுகளைத் தவிர்த்தால் போதும். நேராக நிமிர்ந்து எழாமல் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தசை

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், இதைத்தான் செய்யச் சொல்வேன். இடுப்பின் அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்புவரை ஒரு ஊஞ்சல் துணிபோல விரிந்திருக்கும் தசைத் தொகுதி அது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. சுகப்பிரசவத்தில் அதன் ஒரு பகுதி தன் நீளத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இழுபடுகிறது. உடம்பில் எலும்போடு இணைந்த வேறெந்தத் தசையும் அவ்வளவு இழுபட்டு மீள்வதில்லை. சிசேரியன் ஆனாலும் மாதக்கணக்கில் சுமந்த பாரம் சுமந்ததுதான். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் இந்தத் தசைக்கான பயிற்சியை எழுதினார், அவர் பெயராலேயே இன்றும் அது கெகல் பயிற்சி.

முதலில் அந்தத் தசை எது என்று கண்டுபிடியுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வாயு வெளியேறாமல் தடுப்பதுபோலப் பின்புறத்தைச் சுருக்குங்கள். அதே இறுக்கத்தைச் சிறுநீரை அடக்குவதுபோல முன்பக்கமும் கொண்டுவந்து, மொத்தத்தையும் உள்ளே, மேலே தூக்குங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியக் கூடாது. பிட்டம் இறுகினாலோ, தொடை ஒட்டினாலோ, தோள் உயர்ந்தாலோ வேறு தசை வேலை செய்கிறது. மூச்சு நின்றுபோனாலும் தப்பு. கீழ்நோக்கித் தள்ளுவது போன்ற உணர்வு வந்தால் உடனே விட்டுவிட்டு, இன்னும் மென்மையாக மறுபடி முயலுங்கள்.

சரி, பிடிபட்டதா? மூச்சை விடும்போது தூக்குங்கள். இயல்பாக மூச்சு விட்டபடியே ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். பிறகு முழுவதுமாக விடுங்கள், அடுத்த ஐந்து எண்ணிக்கை வரை ஒன்றும் செய்யாதீர்கள். இப்படி எட்டு முறை. அதன்பின் வேகமாகத் தூக்கி உடனே விடுவது எட்டு முறை. நாளைக்கு மூன்று வேளை. பல் துலக்கும்போது, சாப்பிட உட்காரும்போது, படுக்கப் போகும்போது என்று ஏதாவது ஒன்றோடு முடிந்துவைத்தால் மறக்காது. சிறுநீர் கழிக்கும்போதே நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்வதை வழக்கமாக்காதீர்கள், பை முழுதாகக் காலியாகாமல் தொற்று வரக்கூடும்.

இறுக்கத் தெரிந்தது பாதிதான். பிரசவத்தில் தேவைப்படுவது விடத் தெரிவது. கடைசி ஒரு மாதம், மூச்சை ஆழமாக இழுக்கும்போது அந்த ஊஞ்சல் துணி மெல்லக் கீழே தளர்வதைக் கவனித்துப் பழகுங்கள்.

முதல் பிரசவம் ஆனபோது இதைப் பற்றி மருத்துவமனையில் யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு மாதம் வரை தும்மினால் கசிந்தது. கேட்டபோது, "எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்றார்கள். பிரசவமானவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தக் கசிவு இருக்கிறது, அது உண்மை. ஆனால் நிறையப் பேருக்கு வருகிறது என்பதாலேயே அதைப் பொறுத்துக்கொண்டு வாழ வேண்டியதில்லை. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் குறையும். வெட்கப்பட்டுக்கொண்டு நான் கடத்திய எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

பயிற்சியின் நடுவில் ரத்தம் தெரிந்தால், நீர் கசிந்தால், வலி சீரான இடைவெளியில் வந்து வந்து போனால், தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால், பயிற்சி தொடங்கும் முன்பே மூச்சு திணறினால், கடுமையாகத் தலை வலித்தால், நிற்க முடியாமல் கால் துவண்டால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தது போலத் தோன்றினாலும் அன்றே போய்க் காட்டுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இதில் எதையும் தள்ளிப் போடாதீர்கள்.

பிரசவமான முதல் சில நாட்கள்

இந்த நாட்களில் உடற்பயிற்சி என்றால் மூச்சுதான். படுத்தபடி முழங்கால்களை மடக்கி, ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கால் இழுத்து வாயால் நீளமாக விடுங்கள். விடும்போது அடிவயிறு தானாக உள்வாங்கும். அதுவே வயிற்றுத் தசைகளுக்கு முதல் பாடம். பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், அதனால்தான் சிசேரியன் ஆனவர்களையும் சீக்கிரமே எழுப்பி நடக்கவைக்கிறார்கள். சிறுநீர் வெளியேற மருத்துவமனையில் வைத்திருந்த குழாயை எடுத்துவிட்ட பிறகு, வலிக்காத அளவுக்குக் கெகல் பயிற்சியை மென்மையாகத் தொடங்கலாம். முதலில் எதுவுமே அசையாதது போலத் தோன்றும். விடாதீர்கள், உணர்வு திரும்பி வரும்.

சிசேரியன் ஆனவர்கள் கட்டிலிலிருந்து எழும் முறையைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் ஒவ்வொரு முழங்காலாக மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒரு பக்கம் புரளுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். மேலே இருக்கும் கையை மார்புக்கு எதிரே மெத்தையில் ஊன்றுங்கள். மூச்சை விட ஆரம்பித்து, விட்டுக்கொண்டே கையால் தள்ளி எழுந்து உட்காருங்கள். உடனே நிற்காமல், இரண்டு மூச்சு அங்கேயே இருந்துவிட்டு நில்லுங்கள். நின்றதும் உடம்பு கூனிக்கொள்ளப் பார்க்கும், தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். மெல்ல மெல்ல நிமிருங்கள். இருமல், தும்மல், சிரிப்பு வரும்போது ஒரு தலையணையைத் தையல்மேல் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். ஆறு வாரம் வரை உங்கள் குழந்தையைவிட அதிக எடை உள்ள எதையும் தூக்காதீர்கள்.

ஆறு வாரம் வரை: உதிரப்போக்கைப் பார்த்து நடங்கள்

வீட்டுக்குள் ஐந்து நிமிடம், அப்புறம் வெளியே பத்து நிமிடம். எவ்வளவு கூட்டலாம் என்பதை உதிரப்போக்கே சொல்லிவிடும். அது நாளாக ஆக நிறம் வெளுத்துக் குறைந்து, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் நிற்கும். பழுப்பாகிவிட்ட போக்கு ஒரு நாள் திடீரென்று மறுபடி சிவந்து அதிகமானால், முந்தின நாள் நீங்கள் அதிகமாக உழைத்துவிட்டீர்கள் என்று உடம்பு சொல்கிறது. இரண்டு நாள் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றம் இருந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ அது வேறு விஷயம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பால் கொடுப்பவர்கள் பயிற்சியால் பால் குறையுமோ என்று கவலைப்படுகிறார்கள். மிதமான பயிற்சியால் குறைவதில்லை. பால் கொடுத்து முடித்தபின் கிளம்பினால் மார்பின் கனம் இல்லாமல் நடக்கலாம், நன்றாகத் தாங்கும் உள்ளாடை அவசியம், தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடியுங்கள்.

இரவு முழுக்கக் குழந்தை தூங்கவிடவில்லை என்றால் மறுநாள் பயிற்சியை விட்டுவிட்டுத் தூங்குங்கள். அதை நான் தோல்வியாக எண்ணி அழுதிருக்கிறேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். காரணமில்லாத அழுகை முதல் சில நாட்களில் பலருக்கும் வரும். இரண்டு வாரம் தாண்டியும் துக்கம் நீங்கவில்லை, குழந்தையின் மேல் ஒட்டுதலே வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் அன்றே சொல்லுங்கள். நடை மனசுக்கு உதவும்தான், ஆனால் இதற்கு நடை மட்டும் மருந்தில்லை.

ஆறு வாரச் செக்கப் முடிந்ததும்

"எல்லாம் நல்லா இருக்கு" என்று டாக்டர் சொன்னதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். சிசேரியனில் அறுத்துத் தைத்த, வயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறை ஆறு வாரத்தில் தன் பழைய வலுவில் பாதியைத்தான் கொஞ்சம் தாண்டியிருக்கும், மீதி வலுவடைய இன்னும் பல மாதம் ஆகும். வெளியே தோல் ஆறிவிட்டதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

இப்போது வயிற்றைச் சோதித்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். விரல்நுனிகள் பாதத்தைப் பார்க்கும்படி, விரல்களைச் சேர்த்துத் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து மெதுவாக அழுத்துங்கள். மூச்சை விட்டபடி தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். விரல்களின் இரண்டு பக்கமும் தசையின் விளிம்பு வந்து தொடும். நடுவில் எத்தனை விரல் இடம் இருக்கிறது? இரண்டுக்கு மேல் இருந்தால், அல்லது விரல் ஆழமாகப் புதைந்தால், பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அதுவரை படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகள் வேண்டாம். தொப்பையைக் குறைக்கும் அவசரத்தில் நிறையப் பேர் அதில்தான் தொடங்குகிறார்கள்.

அதற்குப் பதிலாக அதே நாற்காலிப் பயிற்சி, அதே சுவர்ப் பயிற்சி. கூடவே இடுப்புத் தூக்கல்: முழங்கால் மடக்கிப் படுத்து, மூச்சை விட்டபடி இடுப்பைத் தூக்கி, இழுத்தபடி இறக்குங்கள். நடையை வாரத்துக்கு 150 நிமிடத்தை நோக்கிக் கொண்டுபோங்கள். அந்தரங்கத்தில் கனமாக ஏதோ இறங்குவதுபோல உணர்ந்தால், கசிந்தால், வலித்தால், ஒரு படி கீழே இறங்குங்கள். பயிற்சி செய்த அன்று எதுவும் தெரியாமல் மறுநாள் காலையில் தெரிவதும் உண்டு, ஆகவே மறுநாளையும் கவனித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

ஓட்டம், குதிப்பு, பளு

பிரிட்டனைச் சேர்ந்த மூன்று பிசியோதெரபிஸ்ட்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதம் ஓட்டம் வேண்டாம் என்கிறது. மூன்று மாதம் ஆனதும் ஓடலாம் என்றும் அது சொல்லவில்லை, உடம்பு தயாரா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் பத்து விநாடி தடுமாறாமல் நிற்க முடிகிறதா? நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓட முடிகிறதா? ஒவ்வொரு காலிலும் பத்து முறை நொண்டியடிக்க முடிகிறதா? இதில் எதிலும் கசிவு, கனம், வலி எதுவும் வரக் கூடாது. எனக்கு நொண்டியடிப்பது ஆறாம் மாதம்தான் சரியாக வந்தது.

எல்லாம் தேறினால், முதல் நாள் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி இரண்டு நிமிடம் நடங்கள். இதுபோல ஐந்து முறை. அடுத்த நாள் ஓட்டம் வேண்டாம், நடை மட்டும். மூன்றாம் நாள் காலையில் எழுந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நன்றாக இருந்தால் மறுபடி அதே ஐந்து முறை, ஒரு நிமிடம்கூடக் கூட்டாமல். அடுத்த வாரம் ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாக்கலாம்.